வெறுங்கால் வேண்டுதல்

குமணன்சாவடி நிறுத்தத்தில் பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்ததுமே பேபிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டாவது படிக்கு உடம்பு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வேலைக்குப் போகிற நேரத்தில் ஒருத்தி படியை மறித்து நின்று மூச்சு வாங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? "இன்னாமா, ஏறு, இல்லாங்காட்டி எறங்கு" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவன்மேல் தப்பில்லை. திருமழிசை தொழிற்பேட்டையில் கைரேகை வைக்கும் மெஷின் அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷம் தாமதமானால் அது முறைக்கும்.

எப்படியோ ஏறி, எஞ்சின் பக்கத்து மேடையில் உட்கார்ந்துகொண்டாள். எதிர் சீட்டுப் பெண் அவள் பாதங்களைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பினாள். வீங்கின பாதங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மேலே வர நேரமாகும். விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது. செருப்பு இல்லை.

நாற்பத்தேழு வயதில் இப்படித் தளர்ந்துபோவது நியாயமில்லைதான். ஆனால் அலுப்பு திடுதிப்பென்று வந்திருந்தால் அவளும் ஏன் எதற்கு என்று கேட்டிருப்பாள். அது வருஷக்கணக்கில் நைசாக வந்தது. முதலில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் மூச்சு வாங்கியது. பிறகு துணி பிழிந்தால் வாங்கியது. இப்போது முடியை அள்ளி முடிந்தாலே வாங்குகிறது. நாக்கு வெளுத்துவிட்டது. சாதத்தின் மேல் ஆசை போய், உலைக்குக் களையும் அரிசியைப் பச்சையாக அள்ளி மெல்லுவதில் ஒரு வெறி வந்துவிட்டது. தெருவில் எல்லாரும் சத்துக் குறைச்சல் என்றார்கள். பீட்ரூட் சாப்பிட்டாள், பேரீச்சம்பழம் சாப்பிட்டாள், மெடிக்கலில் கொடுத்த சிவப்பு டானிக்கை பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். சிவந்தது டானிக் ஸ்பூன்தான்.

அவள் வேலை பார்ப்பது திருமழிசைக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓரத்து நர்சரியில். பூச்செடி ஒரு பக்கம் இருக்கும், ஆனால் அங்கே முக்கியமான சரக்கு புல். அடுக்குமாடி வீடுகளின் முன்னால் பச்சைக் கம்பளம் மாதிரி விரிந்திருக்குமே, அந்தப் புல். அது அங்கேயே முளைக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். பேபியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் ஈர மண்ணில் குந்தி, கோரையைக் கிள்ளி, சாணியும் செம்மண்ணும் தூவி, நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் காட்டி வளர்க்கிற புல் அது. வளர்ந்ததும் சதுரம் சதுரமாக வெட்டிப் பாய் போலச் சுருட்டி லாரியில் ஏற்றுவார்கள். இளம் புல்லில் செருப்புத் தடம் விழக்கூடாது. அதனால் வேலைக்கு வருகிறவர்கள் செருப்பை வரப்பில் வரிசையாக விட்டுவிட்டு இறங்குவது அங்கே வழக்கம். மேஸ்திரி அழகேசன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரையும் விட மாட்டார்.

பெண்களுக்கென்று அங்கே கழிப்பறை கிடையாது. கடைசிப் பாத்திக்குப் பின்னால் வேலிக்கருவேலம் புதராக மண்டிக் கிடக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுதான். மழை பெய்தால் புதரிலிருந்து வழிகிற தண்ணீர் நேராகப் பாத்திக்குத்தான் வரும். புல்லும் அங்கேதான் செழிப்பாக வரும். அதை எல்லாரும் மெச்சிக்கொள்வார்கள். மற்ற பெண்கள் புதருக்குப் போகும்போது வரப்பில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். பேபிக்கு மாட்டிக்கொள்ளச் செருப்பே கிடையாது. அந்த வரிசையில் ஆறு வருஷமாக அவள் செருப்பு இல்லை.

காரணம் அவள் மகள் பானுப்பிரியா. பட்டாபிராமில் அருளுக்குக் கட்டிக் கொடுத்தாள். முதல் கரு மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது ஆறாம் மாதம் போனது. இரண்டாவதைப் பேபி தன் கையால் துணியில் சுற்றி வாங்கினாள். அன்றைக்கே திருவேற்காட்டுக்குப் போய்க் கருமாரி முன்னால் நின்றாள். "எம்பொண்ணு கொழந்தைய நான் இடுப்புல தூக்கிகினு உன் வாசலுக்கு நடந்து வர்ற வரைக்கும் காலுக்குச் செருப்பு போட மாட்டேன் தாயே" என்று சொல்லி, போட்டிருந்த செருப்பைக் கோயில் வெளியிலேயே விட்டுவிட்டு வந்தாள். தார் ரோட்டில் சித்திரை மாதம் நடந்திருக்கிறாள். மழைக்கால ஜல்லியில் நடந்திருக்கிறாள். பாதத்தில் சிவப்பாகத் தடித்து அரிப்பு வரும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இப்போது பானுவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. பேபி விரலால் எண்ணக்கூடப் பயந்து, நாட்களை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மதியம் புல் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கண் இருண்டது. விழவில்லை, மெதுவாக உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டாள். கூட வேலை செய்கிற ஜமீலாதான் தண்ணீர் தெளித்து, பேபியின் கணவன் தங்கவேலுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாத்தே, ஒடனே வா. அக்கா மூஞ்சி வெள்ளைத்தாளு மாதிரி கீது. மாரு அடிக்கிறது வெளிய தெரியுது."

தங்கவேல் ஒரு குடோனில் காவலாளி. பேச்சு குறைவான மனுஷன். வந்தான், பார்த்தான், ஆட்டோ பிடித்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹேமாவதி பேபியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டா வேலைக்குப் போயிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். நமக்கெல்லாம் ரத்த அளவு பன்னிரண்டு இருக்க வேண்டியது, பேபிக்கு நாலுதான் இருந்தது. உடனே படுக்கை கொடுத்தார்கள். மார்பில் ஜில்லென்று எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதுதான் தன் இதயம் என்று சொன்னதும் பேபிக்கு அதன்மேல் பாவமாக இருந்தது. பார்க்கவே அசதியாகத் தெரிந்தது.

மலப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொக்கிப்புழும்மா. நூல் துண்டு அளவுதான் இருக்கும். மனுஷன் அசிங்கம் கலந்த ஈர மண்ணுல குஞ்சு பொரிச்சு, வெறுங்கால்ல தோலைத் துளைச்சு உள்ள போயிரும். ரத்தத்தோட நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, நீங்க முழுங்கும்போது குடலுக்குப் போய்ச் சேரும். அங்க கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்கும். ஒண்ணு ரெண்டுன்னா உடம்பு சமாளிக்கும். உங்களுக்கு நூத்துக்கணக்குல இருக்கும். அதுவும் பல வருஷமா."

தங்கவேல் அதிசயமாக வாயைத் திறந்தான். "புழு வயித்துலதான கீது டாக்டர்? மாருக்கு இன்னா வந்துச்சு?"

"ரத்தம் தண்ணியாப் போச்சுங்க. ஒரு நடையில கொண்டுபோக வேண்டிய பிராணவாயுவ மூணு நடையாக் கொண்டுபோகணும். அப்ப இதயம் என்ன பண்ணும்? ஒரு ஷிப்டு பாக்க வேண்டியது மூணு ஷிப்டு பாக்குது, லீவே இல்லாம. பாத்துப் பாத்துப் பெருத்துப்போச்சு. பெருத்தா பலம்னு நினைக்காதீங்க, தொளதொளத்துப் போச்சு. அதான் கால்ல தண்ணி, மூச்சு வாங்கறது எல்லாம்."

ரத்தம் ஏற்றினார்கள். அதையும் சொட்டுச் சொட்டாகத்தான். வேகமாக ஏற்றினால் அந்த இதயம் தாங்காதாம். புழு மாத்திரை, இரும்பு மாத்திரை, நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் அவள் பாதத்தைப் பார்த்தார்.

"மாத்திரையில புழு போயிரும். ஆனா மறுபடி வெறுங்கால்ல அந்த மண்ணுல நின்னா மறுபடி வரும். இன்னொரு தடவை ரத்தம் இறங்கினா இந்த இதயம் கேக்காது. இப்பவே முழுசாப் பழையபடி ஆகுமான்னு சொல்ல முடியாது. கண்டிப்பா செருப்பு போடணும். உங்க செருப்பு எங்க?"

"வெளிய உட்டுட்டு வந்தேன் டாக்டர்" என்றாள் பேபி.

தங்கவேல் மின்விசிறியைப் பார்த்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அவன் ஒரு தடவை, "பேபி, போட்டுக்கயேன்" என்றான். "கருமாரிக்குத் தெரியாதா ஒடம்பு முடியலன்னு?"

"ரெண்டு கொழந்த போச்சுயா. மறந்துட்டியா? இத்தினி நாளு இருந்துட்டு நடுவுல போட்டுகினு, அவளுக்கு ஒண்ணுன்னா நான் உசுரோட இருந்து இன்னாத்துக்கு?"

 பானுவிடம் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். ரத்தக் குறைச்சலுக்கு ஊசி போட்டார்கள் என்று மகளுக்குச் சொல்லி முடித்தாகிவிட்டது.

பேபி முட்டாள் இல்லை. டாக்டர் சொன்னது அவளுக்கு நன்றாகவே விளங்கியது. புழு உள்ளே வரக்கூடாது, செருப்பும் போடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் நர்சரியில் கன்று வைக்கிற கறுப்புக் கவரை எடுத்துப் பாதத்தில் மாட்டி, கணுக்காலில் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டாள். "இது செருப்பு இல்ல தாயே, கவரு" என்று கருமாரிக்கு மனசுக்குள் விளக்கமும் சொல்லிவிட்டாள். கவரில் தடமும் ஆழமாக விழவில்லை. அழகேசன் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்.

கன்றுக் கவரில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருப்பார்கள் என்பது நர்சரியில் எல்லாருக்கும் தெரியும். பேபிக்கும் தெரியும். அதற்காக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கவர் மாட்டி, ஒரு ஓட்டை இன்னொரு ஓட்டைக்கு நேராக வராமல் திருப்பிக் கட்டினாள்.

ஜமீலா வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, உள்ள பாரு. சேறு ஊறிப்போய்க் கஞ்சி மாதிரி நிக்குது. இத்துக்கு நீ சொம்மாவே நிக்கலாம்."

"இன்னா பண்ண சொல்ற?"

"என் செருப்ப எடுத்துப் போட்டுக்கோன்றேன்."

"அது மட்டும் சொல்லாத ஜமீலா."

ஜமீலா பெருமூச்சு விட்டு நகர்ந்தாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு மணி நேரத்தில் கவருக்குள் ஈர மண் புகுந்துவிடும். வெறும் காலில் நின்றாலாவது வெயிலில் காயும். கவருக்குள் சாயங்காலம் வரை ஊறிக்கொண்டே கிடக்கும். ஆனாலும் ஏதோ செய்கிறோம் என்கிற தைரியம் பேபிக்கு இருந்தது. ஏற்றிய ரத்தத்தின் புண்ணியத்தில் கொஞ்ச நாள் நன்றாகவும் இருந்தாள். பிறகு பாதத்தில் அரிப்பு வந்தது. அடுத்து வறட்டு இருமல். அடுத்து, ஒரு நாள் அரிசி களையும்போது தன் கை தானாக ஒரு பிடி அள்ளி வாயில் போட்டதைப் பார்த்து அவளே பயந்துபோனாள்.

பானுவுக்கு ஏழாம் மாதம் நடந்தது. வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபரிசோதனைக்கு வரச்சொன்ன நாளில் பேபியும் தங்கவேலும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஹேமாவதி புது ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் பழைய சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஆறரைக்கு ஏத்தி அனுப்பினேன். திரும்ப அஞ்சுக்கு வந்திருக்கு. மலத்துல முட்டை இருக்கு. இதயம் கொஞ்சம்கூடச் சுருங்கல. செருப்பு போடுறீங்களா இல்லையா?"

"போடறேன் டாக்டர்."

"எங்கம்மா செருப்பு போட்டு ஆறு வருஷம் ஆவுது டாக்டர்."

கதவுப் பக்கம் பானு நின்றாள். கையில் அவளுடைய கர்ப்பகாலச் சீட்டு. அதே ஆஸ்பத்திரியில் அவளுக்கும் அன்று பரிசோதனை. தகப்பனை வெளியில் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவள் முகத்தில் முதலில் கோபம்தான் இருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை, பாதத்தில் தொடங்கி இதயம் வரை சொல்லி முடித்தபோது அது போய்விட்டது. வேண்டுதல் எதற்கு, யாருக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

வராந்தாவில் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் பேசினார்கள்.

"எனக்காவ நீ சாவப்போறியாமா?"

"வாயக் கழுவு. மாத்திரை துன்றேன் இல்ல? இன்னும் ரெண்டு மாசம்தான். பொறந்துட்டா, அம்மா கோயிலுக்குத் தூக்கிகினு போய்ட்டு, அன்னிக்கே போட்டுக்கறேன்."

"ரெண்டு மாசம் ஒன் மாரு தாங்காதுன்றாங்க. காதுல வுழலயா?"

"வுழுந்துது. ஒன்னோட ரெண்டாவத நான்தான் கையில வாங்கினேன் பானு. நீ மயக்கத்துல கெடந்த. நான்தான் பாத்தேன். அத்தப் பாத்தவளுக்கு மாரு தாங்கினா இன்னா, தாங்காட்டி இன்னா."

 பானு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் பரிசோதனைக்குப் போய் வரிசையில் நின்றுகொண்டாள். பேபிக்கு வாயாடி மகளின் மௌனம் பிடிக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்க அசதி விடவில்லை.

டாக்டர் வேலைக்கே போகாதே என்றார். இரண்டு நாள் கழித்து பேபி போனாள். புல் ஆர்டர் வந்திருந்தது, ஆள் பற்றவில்லை என்று அழகேசன் போன் செய்திருந்தார். சும்மா குந்தியபடி கோரை கிள்ளினால் போதும் என்றார். அவள் கவரைக் கட்டிக்கொண்டு குந்தினாள். பத்துக் கோரை கிள்ளுவதும் நிமிர்ந்து மூச்சு விடுவதுமாகக் காலைப் பொழுது நகர்ந்தது.

தண்ணீர் குடிக்க வரப்புக்கு வந்தபோதுதான் வரிசையில் ஒரு புது ஜோடி செருப்பைப் பார்த்தாள். ரோஸ் வார் வைத்த அகலமான செருப்பு. மாசமாக இருக்கிறவளுக்குக் கால் வீங்கும் என்று பேபியே குமணன்சாவடிக் கடையில் பார்த்து வாங்கிக் கொடுத்தது.

கடைசிப் பாத்தியில், வேலிக்கருவேலத்துக்கு நேர் கீழே, இப்போதுதான் தண்ணீர் பாய்ச்சிய மண்ணில் பானு நின்றுகொண்டிருந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். வெறுங்கால். பாதம் சேற்றில் அமிழ்ந்திருந்தது.

பேபி ஓடினாள். ஓடினாள் என்று சொல்வது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். இரண்டு பாத்தி தாண்டுவதற்குள் மார்பு காதுக்குள் வந்து அடித்தது. கால் கவர் சேற்றில் சிக்கிக் கிழிந்து ஒன்று அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவது பாத்தியில் கையை ஊன்றி உட்கார்ந்தாள். எழுந்தாள். கத்த வாயைத் திறந்தால் காற்று வரவில்லை. மகள் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. அம்மா தவழ்ந்து வருவதைப் பார்த்து அழுதுகொண்டே நின்றாள்.

"வெளிய வாடி" என்றாள் பேபி, போய்ச் சேர்ந்ததும். "ஏழு மாசம். இந்தச் சேத்துல... டாக்டர் சொன்னத கேட்டுகினுதான நின்ன? வெளிய வா."

"வர மாட்டேன். நானும் வேண்டிகினேன்."

"இன்னா வேண்டிகின?"

"நேத்து திருவேற்காட்டுக்குப் போனேன். எங்கம்மா காலுக்குச் செருப்பு போடற வரைக்கும் நானும் போட மாட்டேன்னு சொன்னேன். ஒன் கருமாரிகிட்டதான். அதே சன்னதி. தெனம் இங்க வந்து ஒன்கூடக் குந்துறேன்னும் சொல்லிட்டு வந்தேன்."

பேபிக்குத் தலை சுற்றியது. பெற்ற மகளை அடிக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. கையைத் தூக்கக்கூட வலுவில்லை. "பைத்தியமாடி நீ? வேண்டுதலுன்னா வெளையாட்டா? வாபஸ் வாங்க முடியுமா?"

"முடியாதுல்ல? அத்தான் சொல்றேன். ஒன்து பெரிசா என்து பெரிசான்னு கருமாரியே பாத்துக்கட்டும்."

"ஒனக்கு எதுனா ஆச்சுன்னா..."

"எனக்கு எதுனா ஆச்சுன்னா ஒனக்கு எப்பிடி இருக்குமோ, அப்பிடித்தான் எனக்கும் இருக்குது" என்றாள் பானு. "ஒரு கொழந்தைக்காவ ஒரு அம்மாவக் குடுக்க சொல்றியா? எனக்கு ரெண்டும் வோணும்மா."

வரப்பில் ஜமீலாவும் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். அழகேசன் தூரத்திலிருந்தே, "யாரும்மா அது புல்லுமேல?" என்று கத்திக்கொண்டு வந்தார். கிட்டே வந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பெண்ணையும் சேற்றில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிற தாயையும் பார்த்ததும் அவருக்குக் குரல் அடங்கிவிட்டது.

பேபி மகளின் பாதத்தைப் பார்த்தாள். விரல் இடுக்கில் சேறு ஏறிக்கொண்டிருந்தது. அந்த மண்ணில் நூல் துண்டு அளவில் என்னென்ன நெளிகிறதோ, தோலைத் தேடிக்கொண்டு. அதற்கு வேண்டுதல் தெரியுமா? ஆறு வருஷமாகத் தான் எதற்காக நடந்தாளோ அது இப்போது இந்தச் சேற்றுக்குள் நிற்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் யோசித்தால் அந்த ஒரு நிமிஷமும் அவள் காலில் போய்த்தான் சேரும்.

"ஜமீலா" என்றாள். "ஒன் செருப்பு குடு."

ஜமீலா இரண்டு ஜோடிகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குழாய்த் தண்ணீரில் முதலில் பானுவின் காலைக் கழுவினார்கள். பேபி வரப்பில் உட்கார்ந்து, கிழியாமல் மிஞ்சிய கவரை அவிழ்த்துப் போட்டாள். "தாயே, கோவம்னா என் மேல காட்டு. இவள உட்டுடு" என்று வாய்விட்டே சொன்னாள். அவள் வீங்கிய கால் செருப்புக்குள் நுழைய மறுத்தது. ஜமீலாவும் பானுவும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் திணித்தார்கள். எழுந்து ஓர் அடி வைத்தாள். தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.  அன்று முழுவதும் மகளின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தை உதைக்கிறதா உதைக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் பானுவின் உயிரை வாங்கினாள்.

டாக்டர் ஹேமாவதி தாயையும் மகளையும் சேர்த்துவைத்துத் திட்டினார். சில வாரம் கழித்துப் பானுவுக்கும் பரிசோதனை செய்து பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் இல்லை. பேபிக்கு மறுபடி மாத்திரை, மறுபடி சொட்டுச் சொட்டாக ரத்தம். வளைகாப்பு நடந்தது. அந்த இரண்டு மாதமும் பேபி தூங்கினாள் என்று சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டாள், மாட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவுதான், ஆனால் அழுகை ஊரைக் கூட்டியது. அந்த அழுகையைக் கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் பேபி தானும் சத்தமாக அழுதாள்.

ரத்தம் பத்துக்கு வந்துவிட்டது. கால் வீக்கம் வடிந்தது. இதயம் மட்டும் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. கடைசி ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இனி இவ்வளவுதான், மாத்திரை நிறுத்தக்கூடாது, மாடி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றார். புல் வேலை முடிந்தது. புழு போன பிறகும் அது வாங்கிக்கொண்டுபோனது திரும்பி வரவில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் திருவேற்காட்டுக்குப் போனார்கள். கோயில் வெளியே செருப்பு விடும் இடத்தில் பேபி நின்றாள். தன் செருப்பைக் கழற்றி உள்ளே நீட்டியபோது செருப்புப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒரு தகர டோக்கனைக் கையில் வைத்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் ஒரு ஜோடியை விட்டுவிட்டுப் போனாள். அதைத் திருப்பிக் கேட்டால் சிரிப்பார்கள்.

"குடு" என்று பானுவிடம் கையை நீட்டினாள். பானு தகப்பனைப் பார்த்தாள். தங்கவேல் தலையாட்டினான். பானு குழந்தையை அவள் இடுப்பில் வைத்து, தன் கையை எடுக்காமலே நின்றாள்.

பேபி நடந்தாள். கோபுர வாசல் அதோ தெரிகிறது. முன்பென்றால் இரண்டு குடம் தண்ணீரோடு நடக்கிற தூரம். கொடிமரம்கூடத் தெரியாத இடத்திலேயே மார்பு அடிக்கத் தொடங்கியது. இன்னும் நாலு எட்டு வைத்தாள். குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரித்தது. அதற்கு மேல் முடியவில்லை.

"வாங்கிக்கோ பானு" என்றாள். "என்னால முடியல."

பானு குழந்தையை வாங்கிக்கொண்டாள். தங்கவேல் பேபியின் கையைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தான். அவள் மூச்சு வாங்கியபடி, கூட்டத்துக்கு மேலே தெரிந்த கோபுரத்தைப் பார்த்துச் சொன்னாள். "பாத்துக்க தாயே. இத்தினி தூரந்தான் வந்தேன். மீதிய அவ தூக்கிகினு வரா. கணக்கு வெச்சுக்காத."

பானு மூன்று அடி முன்னால் போய், திரும்பி வந்து, குழந்தையோடு அம்மாவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"போவலியா?" என்றாள் பேபி.

"நீ மூச்சு வுடு. அப்பால மூணு பேருமா போலாம்."